இரைப்பையைச் சுருக்கிய பிறகு

உடல் எடையைக் குறைக்கச் செய்யப்படும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைகளில் இந்தியாவில் இன்று அதிகம் நடப்பது ‘ஸ்லீவ்’ முறை. ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டியெடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒடுங்கிய ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். மிஞ்சியதில் 100 முதல் 150 மில்லி வரைதான் பிடிக்கும். அடுத்தது ‘பைபாஸ்’. இதில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையைத் தனியாகப் பிரித்து, சிறுகுடலின் சற்றுத் தள்ளிய பகுதியோடு நேரே இணைத்துவிடுகிறார்கள். இரண்டுமே வயிற்றில் நாலைந்து துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பி வழியாக நடப்பவை. ஒன்றிரண்டு மணி நேர வேலை. சிக்கல் இல்லையென்றால் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

வீடு திரும்பியபின் நடப்பவற்றைப் பற்றித்தான் போதிய பேச்சு இல்லை. அறுவை அரங்கில் மாறுவது இரைப்பை மட்டும். சமையலறையும் கல்யாணப் பந்தியும் வரன் பேசும் முறையும் அலுவலகத்து விசாரிப்பும் காப்பீட்டு விதிகளும் முன்பு இருந்தபடியே இருக்கின்றன. சுருங்கிய இரைப்பையோடு இவை அனைத்தையும் எதிர்கொள்ளும் பொறுப்பு, சிகிச்சை எடுத்துக்கொண்டவரின் தலையில் விழுகிறது.

இது சிலருடைய பிரச்சினை மட்டுமல்ல. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் அதிக எடையோ பருமனோ உள்ள பெண்கள் 2015–16-இல் 30.9 சதவீதம், 2019–21-இல் 40.4 சதவீதம். ஆண்களில் 28.2-இலிருந்து 37 சதவீதத்துக்கு ஏறியிருக்கிறது. இவர்களில் அறுவை தேவைப்படுவோர் சிறு பகுதியினரே. ஆனாலும் சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், கொழுப்புக் கல்லீரல், தூக்கத்தில் மூச்சு தடைபடுதல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக நோய் சேர்ந்து, கடைசி வழியாக இதை எண்ணிப்பார்ப்பவர்கள் இப்போது நகரங்களைத் தாண்டியும் இருக்கிறார்கள்.

‘வாயைக் கட்டத் தெரியாதா?’

அறுவைக்கு முடிவெடுத்தவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி இது. பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. ரெண்டு மாசம் வாயைக் கட்டி, காலையில் எழுந்து நடந்தால் குறையாதா, இதற்குப் போய் நல்ல வயிற்றை அறுத்துக்கொள்வார்களா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால், கேட்கப்படுபவர் அதற்குள் பேலியோ உணவுமுறையும் கொள்ளுக் கஞ்சியும் ஜிம்மும் நடைப்பயிற்சியும் பார்த்து, ஒவ்வொரு முறையும் குறைந்த எடை திரும்ப ஏறி நொந்துபோனவராக இருப்பார்.

திரும்ப ஏறுவதற்கு உடலியல் காரணம் உண்டு. பட்டினி கிடந்து எடையைக் குறைக்கும்போது, உடல் அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடுகிறது. ஓய்வில் எரிக்கும் கலோரி குறைகிறது. கடும் பருமனில் இந்த எதிர்ப்பை மன உறுதியால் மட்டும் ஆண்டுக்கணக்கில் வெல்பவர்கள் மிகச் சிலர். ஸ்லீவ் முறையில் வெட்டியெடுக்கப்படும் பகுதியில்தான் கிரெலின் அதிகம் சுரக்கிறது. பைபாஸில் உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியை விரைவாகச் சென்றடைவதால், பசியை அடக்கி இன்சுலினைத் தூண்டும் ஜி.எல்.பி.-1 போன்ற ஹார்மோன்கள் உயர்கின்றன. சர்க்கரை நோயாளிகள் பலருக்கு எடை இறங்கத் தொடங்கும் முன்பே, சில நாட்களில் இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, இந்த அறுவையைக் குறுக்குவழி என்று சொல்வது மருத்துவ ரீதியாகவே பிழை. இது நேற்று வந்த முறையும் அல்ல. பைபாஸ் முறையைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன், 1966-இல். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நீண்ட ஆய்வு, பைபாஸ் செய்துகொண்டவர்களின் எடை பத்தாண்டுக்குப் பின்னும் சராசரியாக 25 சதவீதம் குறைந்தே இருந்ததைக் காட்டியது. அறுவை செய்துகொண்டோரிடம் இறப்பு விகிதமும் குறைவாக இருந்தது.

இத்தனை சான்று இருந்தும், அறுவை செய்துகொண்ட பலர் அதை வெளியில் சொல்வதில்லை. அரசியல் தலைவர்கள் நிதின் கட்கரி 2011-இலும் அருண் ஜெட்லி 2014-இலும் இந்த சிகிச்சை எடுத்துக்கொண்டது செய்தியானபோது இந்தியாவில் சற்றே பேச்சு திறந்தது. சாதாரணக் குடும்பத்தில் அந்தத் துணிச்சல் எளிதல்ல. இதய அறுவை செய்துகொண்டவரைப் பார்க்க ஆப்பிள், ஹார்லிக்ஸோடு வரும் உறவினர் கூட்டம், எடைக்காக அறுவை செய்துகொண்டவரிடம் விளக்கம் கேட்கிறது.

கணக்கில் விழும் இடைவெளி

ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுவதால், அறுவைக்கான அளவுகோலும் சற்றுத் தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. எடையை உயரத்தோடு ஒப்பிடும் குறியீடான பி.எம்.ஐ. 37.5-ஐத் தாண்டினால், அல்லது 32.5-ஐத் தாண்டிக் கூடவே இணைநோயும் இருந்தால் செய்யலாம் என்பது இங்கே நீண்ட காலமாக மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கான எல்லையை 27.5 வரை இறக்கியிருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிகளோ வேறு கணக்கு சொல்கின்றன. பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35-ஓடு கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சுத்தடை போன்ற ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம்.

165 செ.மீ. உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொண்டால் இதன் பொருள் தெளிவாகும். 102 கிலோவைத் தாண்டினால், இணைநோய் இல்லாவிட்டாலும், மருத்துவர் அறுவையைப் பரிந்துரைக்கலாம். காப்பீடு கிடைக்க 109 கிலோ வேண்டும். இடைப்பட்ட ஏழு கிலோவில் நிற்பவர் நகையை அடகு வைக்க வேண்டும். அல்லது இன்னும் எடை கூடும்வரை காத்திருக்க வேண்டும். நோய் முற்றினால்தான் பணம் என்ற இந்த நிலை மாற்றப்பட வேண்டியது. தனியார் மருத்துவமனையில் சில லட்சம் ஆகும் செலவை, மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் தாங்கவேண்டியிருக்கிறது.

செலவு அழுத்தும்போது மலிவான இடத்தைத் தேடுவதும் நடக்கிறது. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவைக்குச் சென்றபோது சிக்கல் ஏற்பட்டு இறந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த மரணத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பலருக்கு இந்த அறுவை என்றாலே உயிர்பயம். தேர்ந்த மையங்களில் ஆபத்து குறைவு என்பதே உண்மை. அமெரிக்காவில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப்பின் 30 நாளுக்குள் இறந்தோர் 0.3 சதவீதம். ஆனால் அந்தக் குறைந்த விகிதம் மயக்க மருந்து வல்லுநர், தீவிர சிகிச்சைப் பிரிவு, இதயம்–நுரையீரல் முன்பரிசோதனை எல்லாம் முறையாக இருந்த இடங்களில் கிடைத்தது. கடும் பருமன் உள்ளவருக்கு மயக்க மருந்து கொடுப்பதே தனித் திறமை கேட்கும் வேலை. கட்டணத்தைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதைக் குடும்பங்கள் உணர வேண்டும்.

சமையலறையில் முதல் இரண்டு மாதம்

அறுவை முடிந்த மறுநாளிலிருந்து கணக்கு மில்லியில் ஓடுகிறது. மருந்து பாட்டில் மூடி போன்ற 30 மில்லிக் கோப்பையில் தண்ணீர். அதையும் ஒரே மடக்காகக் குடிக்கக்கூடாது, உறிஞ்ச வேண்டும். முதல் இரு வாரம் திரவம் மட்டும். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரமில்லாத ரசம், நீர்மோர், புரதப் பொடி கலந்த பால். பிறகு மசித்த உணவு இரண்டு வாரம். குழைந்த பருப்பு, மசித்த முட்டை, கெட்டித் தயிர். அதன்பின்தான் மென்மையான திட உணவு. ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். நாலைந்து கவளத்துக்கு அரைமணி நேரம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது; முன்னும் பின்னும் அரைமணி இடைவெளி. அவசரமாக விழுங்கிய ஒரு துண்டு தோசை நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொண்டு, வாயில் எச்சில் நுரைத்து, கடைசியில் வாந்தியாக வெளியேறும் அனுபவம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒருமுறையாவது நேர்கிறது.

தமிழ்ச் சமையலறைக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். காலை இட்லி, மதியம் சாதம், இரவு தோசை என்று மாவுச்சத்தைச் சுற்றி அமைந்த சாப்பாட்டில், அதுவும் சைவ வீட்டில், இந்த அளவை எட்டுவது கடினம். சின்ன இரைப்பையை இரண்டு வாய்ச் சாதம் நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமில்லை. எனவே தட்டில் வரிசை தலைகீழாக வேண்டும். முட்டை, மீன், சுண்டல், பனீர், பருப்பு முதலில், காய் அடுத்து, சாதம் கடைசியில், இடமிருந்தால். இதை ஊட்டச்சத்து நிபுணர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் அந்தத் தாள் போய்ச்சேர வேண்டியது வீட்டில் சமைப்பவர் கைக்கு. அறுவை செய்துகொண்டவர் ஆண் என்றால் சமைப்பவர் தாயோ மனைவியோ. தனிச் சமையல் அவர்களுக்குக் கூடுதல் வேலை. அறுவை செய்துகொண்டவரே வீட்டுக்குச் சமைப்பவர் என்றால், நிலைமை இன்னும் கடுமை. தான் இரண்டு கரண்டி பருப்போடு நிறுத்திக்கொண்டு, மற்றவர்களுக்குப் பூரியும் கிழங்கும் செய்து பரிமாற வேண்டும். அறுவைக்கு முந்தைய ஆலோசனைக்கு நோயாளியை மட்டும் அழைப்பது போதாது. வீட்டு அடுப்பில் நிற்பவரும் அந்த அறையில் இருக்க வேண்டும்.

பந்தியில்

உபசாரம் என்பது இங்கே சாப்பிட வைப்பது. இலையில் போட்டதை மிச்சம் வைத்தால் பரிமாறியவர் முகம் வாடும். ‘கைய மறைக்காதீங்க, இன்னும் ஒரு கரண்டி’ என்பது அன்பின் மொழி. அறுவை செய்துகொண்டவருக்கு அந்த ஒரு கரண்டி வலியாகவும் வாந்தியாகவும் முடியலாம். பாயசம், ஜாங்கிரி போன்ற இனிப்பு, குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, ‘டம்பிங்’ எனும் தொல்லையைத் தருகிறது. சர்க்கரை மிகுந்த உணவு சிறுகுடலுக்குள் திடீரென இறங்க, படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, வயிற்றுப்போக்கு வருகிறது. மண்டபத்தில் எல்லோர் முன்னிலும் எழுந்து ஓட வேண்டியிருக்குமோ என்ற அச்சத்தில் பலர் விசேஷங்களுக்கே போவதைத் தவிர்க்கிறார்கள். உறவுகள் கூடும் இடமெல்லாம் சாப்பாட்டு இடமாகவும் இருப்பதால், சாப்பாட்டிலிருந்து விலகுவது உறவிலிருந்தே விலகுவதாகிவிடுகிறது. விரதங்களும் அப்படியே. முழுநாள் தண்ணீர்கூட அருந்தாத நோன்பு முதல் சில மாதங்களில் உடலின் நீர்ச்சத்தை ஆபத்தான அளவு குறைக்கும். மருத்துவரிடம் பேசாமல் தொடங்கக்கூடாது.

‘சுகர் வந்துடுச்சா?’

முதல் ஆறு மாதத்தில் எடை வேகமாக இறங்குகிறது. தமிழ்நாட்டில் ஒருவர் சட்டென இளைத்தால் மகிழ்ச்சியோடு விசாரிப்பவர்கள் குறைவு. சுகரா, வேறு ஏதும் பெரிய வியாதியா, வீட்டில் பிரச்சினையா என்று கேட்கிறார்கள். கன்னம் ஒட்டி, கண் குழிவதால் வயது கூடியது போலத் தோன்றுகிறது. போதாததற்கு மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. வேகமான எடை இழப்பும் புரத, இரும்புக் குறைபாடும் சேர்ந்து செய்வது இது. பெரும்பாலோருக்குப் பல மாதங்களில் திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் சீப்பில் வரும் முடியைப் பார்க்கும் பெண்ணுக்கு அந்த மாதங்கள் எளிதல்ல.

தோல் மட்டும் தானாகச் சரியாவதில்லை. 40, 50 கிலோ குறைந்தபின் வயிற்றிலும் புஜத்திலும் தொடையிலும் தோல் மடிந்து தொங்குகிறது. வெயில் காலத்தில் மடிப்புக்குள் வியர்வை தங்கி, புண்ணும் பூஞ்சைத் தொற்றும் வருகின்றன. புடவையோ சட்டையோ மறைத்துவிடுவதால் வெளியாருக்குத் தெரியாது. தனிமையில் கண்ணாடி முன்னும் துணையின் முன்னும் கூச்சம் தொடர்கிறது. தொங்கும் தோலை நீக்க இன்னொரு அறுவை உண்டு. அதை அழகுக்காகச் செய்வது என்று வகைப்படுத்திக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் மறுத்துவிடுகின்றன. புண்ணாகும் தோலை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

கல்யாணமும் கர்ப்பமும்

இளம்பெண்கள் பலரை இந்த அறுவைக்கு அழைத்துவருவது வரன் தேடும் அழுத்தம். பருமனும் சினைப்பை நீர்க்கட்டியும் சேர்ந்து மாதவிடாய் தவறிக்கொண்டிருக்க, ஜாதகம் பொருந்தியும் நேரில் பார்த்தபின் பதில் வராத வீடுகள் அவர்களைத் துவளச் செய்திருக்கும். அறுவை முடிந்து எடை குறைந்ததும் வீட்டார் சொல்லும் முதல் புத்தி, ஆப்பரேஷன் விஷயத்தை மாப்பிள்ளை வீட்டில் மூச்சு விடாதே என்பது. மறைத்துச் செய்த கல்யாணத்தில், புகுந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை தினமும் ஒரு சோதனை. ஏன் இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிடுகிறாய், எதற்கு இத்தனை மாத்திரை என்ற கேள்விகளுக்கு நாள்தோறும் ஒரு பொய் தேவைப்படுகிறது.

இந்த ரகசியத்துக்கு மருத்துவ விலையும் உண்டு. எடை குறைந்தவுடன் கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் கூடுகிறது. அறுவைக்குப்பின் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். எடை இறங்கிக்கொண்டிருக்கும் உடலில் குழந்தைக்குப் போதிய சத்து கிடைக்காது. கல்யாணமான மறுமாதமே ‘விசேஷம் உண்டா’ என்று கேட்கும் சூழலில், காரணம் சொல்லாமல் ஓராண்டு தள்ளிப்போடுவது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு கடினம்! கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க, ஆரம்ப சுகாதார நிலையங்களில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். பைபாஸ் செய்தவருக்கு அது கடும் டம்பிங்கைக் கொண்டுவரலாம். அவருக்கு வேறு முறையில் பரிசோதிக்க வேண்டும். உடன் இருக்கும் மாமியாருக்குத் தெரியாத அறுவையை, அவர் முன்னிலையில் செவிலியரிடம் எப்படிச் சொல்வது? வலி மாத்திரையும் இப்படித்தான். பைபாஸ் செய்தவர்கள் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். இணைப்பில் புண் உண்டாகி இரத்தம் கசியலாம். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கித்தரும் உறவினருக்கு அது தெரியாது.

ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் மணவாழ்க்கையும் அசைகிறது. 2018-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களில் தனியாக இருந்தோர் புதிய துணையைத் தேடிக்கொள்வதும், துணையோடு இருந்தோர் பிரிவதும் மற்றவர்களைவிட அதிகம் என்று கண்டது. பெரும்பாலான உறவுகள் நிலைத்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்வீடன் வேறு சமூகம். எனினும் அடிப்படை இங்கேயும் பொருந்தும். அதுவரை பின்வரிசையில் நின்றவர் வேலைக்குப் போகிறார், வண்டி ஓட்டுகிறார், தன் விருப்பத்தைச் சொல்கிறார். அதை மகிழ்ந்து ஏற்கும் துணையும் உண்டு. யாருக்காக இப்படி அலங்காரம் என்று சந்தேகிக்கும் துணையும் உண்டு.

மனதின் பசி

வயிற்றுப் பசி குறைந்தபின்னும் மனதின் பசி அடங்குவதில்லை. கவலையிலும் தனிமையிலும் சாப்பாட்டைத் துணையாகக் கொண்டவருக்கு அந்தத் துணை ஒரே நாளில் பறிபோகிறது. அந்த இடத்தை வேறொன்று பிடிக்கலாம். அமெரிக்காவில் ஏறக்குறைய 2,000 பேரைப் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், மதுப் பிரச்சினை உள்ளோர் அறுவைக்கு முன் 7.6 சதவீதம், அறுவைக்குப்பின் இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதம். பைபாஸுக்குப்பின் மது வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது. முன்பு இரண்டு பெக் தந்த போதையை ஒன்றே தந்துவிடும். டாஸ்மாக் மதுக்கடை தெருமுனையில் இருக்கும் மாநிலத்தில் இதை ஆண் நோயாளிகளிடம் பலமுறை சொல்லியாக வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 8,815 பேரை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கவலைக்குரியது. தம்மைத்தாமே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வருவது அறுவைக்குப்பின் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. மொத்தத்தில் அது நடப்பது மிகச் சிலருக்கே. ஆனால் பெரும்பாலும் நடந்தது இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில். எல்லாம் நன்றாகப் போகிறது என்று எண்ணி மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிடும் காலத்தில். எடை குறைந்தால் வேலை, கல்யாணம், மரியாதை எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவருக்கு, எடை குறைந்தும் அவை சரியாகாதபோது வரும் சோர்வு ஆழமானது. அறுவைக்குமுன் ஒரே ஒரு மனநல மதிப்பீடு என்பது இங்கே பல இடங்களில் கையொப்பச் சடங்காக முடிகிறது. அது அறுவைக்குப் பின்னும் தொடர வேண்டும். மனச்சோர்வு அழுத்தும்போது பேச, அரசின் டெலி-மானஸ் சேவை 14416 எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது.

எடை திரும்பும்போது

பெரும்பாலோருக்கு ஒன்று முதல் இரண்டு ஆண்டுக்குள் எடை தன் தாழ்ந்த எல்லையைத் தொடுகிறது. அதன்பின் ஓரளவு ஏறுவது இயல்பு. சிலருக்கு அதிகமாகவே ஏறுகிறது. அப்போது ஊர் சொல்வது, இவ்வளவு செலவழித்தும் திருந்தவில்லை என்று. அதைவிட அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கடுமையாக இருக்கும். அந்த வெட்கத்தில் பலர் மருத்துவரிடம் போவதையே விட்டுவிடுகிறார்கள். சத்துக் குறைபாடு தெரியாமல் வளர்வது இப்படித்தான். பி-12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுவதும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தப் பரிசோதனை வேண்டும். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு தயமின் குறைந்து, நடை தள்ளாடி, நினைவு குழம்பலாம். உடனே ஊசி போடாவிட்டால் பாதிப்பு நிலைத்துவிடும். தேனிக்கோ திருவாரூருக்கோ திரும்பிவிட்ட நோயாளியை உள்ளூர் மருத்துவர்தான் பார்க்கப்போகிறார். என்ன அறுவை, எந்தத் தேதியில், எந்த மருந்து கூடாது என்ற விவரங்களைத் தமிழில் ஒரு அட்டையாக மருத்துவமனையே எழுதிக் கொடுத்தால் பல விபத்துகள் தவிரும்.

திரும்பிய எடைக்கு இப்போது ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. டிர்செபடைடு ‘மவுன்ஜாரோ’ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், செமாகுளுடைடு ‘வெகோவி’ என்ற பெயரில் அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. அறுவைக்குப்பின் எடை ஏறியவர்களுக்கு இவற்றைத் தருவதும் உண்டு. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது என்பதால், மாதாமாதச் செலவைத் தாங்க முடியுமா என்று பார்த்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஸ்லீவ் குழாய் விரிந்துவிட்டவர்களுக்கும், மருந்துக்கு அடங்காத நெஞ்செரிச்சலால் அவதிப்படுபவர்களுக்கும் அதை பைபாஸாக மாற்றும் இரண்டாவது அறுவை செய்யப்படுகிறது. முதல் அறுவையைவிட அதில் சிக்கல் அதிகம். அதனால் உணவுப் பழக்கம், மனநிலை, மாத்திரை ஒழுங்கு மூன்றையும் மறுபடி மதிப்பிட்ட பிறகே அதற்கு நாள் குறிக்கிறார்கள்.